யாருடைய சகிப்பு?

ஆயிரக்கணக்கான புள்ளிகளால் ஆன எல்லைக்கோட்டை அப்படியே அனுப்பினால் ஃபோன் திணறும். 1973இல் டக்ளஸும் பாய்க்கரும் வெளியிட்ட வழிமுறைதான் இன்றைக்கும் எனக்குக் கைகொடுக்கிறது. கோட்டின் இரு முனைகளையும் நேராக இணைக்க வேண்டும். அந்த நேர்கோட்டிலிருந்து அதிகம் விலகி நிற்கும் புள்ளியும் நாம் கொடுத்த எண்ணுக்குள் அடங்கிவிட்டால், நடுவில் உள்ள எல்லாவற்றையும் தூக்கிவிடலாம். அடங்காவிட்டால், அங்கே இரண்டாகப் பிரித்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

அந்த எண்ணுக்குப் பெயர் 'டாலரன்ஸ்'. சகிப்பு. சகிப்பது நான், இழப்பது எல்லையோரத்தில் இருப்பவர்.

அடுத்தடுத்த இரண்டு ஊர்களைத் தனித்தனியாக எளிமையாக்கினால் நடுவில் கீற்றுகள் விழலாம். சிலது இரண்டு ஊருக்கும் சொந்தம், சிலது யாருக்குமே இல்லை. அந்தக் கீற்றில் ஒரு வீடு இருந்து, வெள்ள நிவாரணப் பட்டியலும் இதே கோப்பிலிருந்து வந்தால்? வீடு பட்டியலில் இருக்காது.

பொது எல்லையை ஒரே கோடாக வைத்து ஒரே தடவை எளிமையாக்கினால் கீற்று விழாது. டோப்போஜேசன் செய்வது அதுதான். ஆனாலும் கோடு நகர்ந்திருக்கும். வீடு ஊர் மாறியிருக்கலாம்.

'சும்மா பார்க்கிற படம்தானே' என்பார்கள். ஆனால் சின்னக் கோப்பு வேகமானது. அடுத்தவர் கணக்குக்கும் அதையே எடுப்பார். எளிமையாக்குவது தப்பில்லை. எவ்வளவு சகித்தோம் என்று கோப்போடு எழுதி அனுப்பாததுதான் தப்பு.