பங்குக் கிணறும் நாற்பதாவது மாடியும்

ஸ்காபரோவில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி முடித்த என் வயதுக்காரர்கள் கூடினால் இப்போது இந்தக் கதைதான். வீட்டை விற்றுவிட்டு ரொறன்ரோ டவுன்டவுனில் ஒரு கொண்டோ வாங்கிக்கொண்டு போய்விடலாமா? என் மைத்துனர் இந்த விஷயத்தில் சம்பளம் வாங்காத பிரசாரகர். "மச்சான், பனி தள்ளத் தேவையில்லை, புல்லு வெட்டத் தேவையில்லை. கதவைப் பூட்டிப்போட்டு ஆறு மாசம் ஊரில போய் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரன் ஆரெண்டே தெரியத் தேவையில்லை" என்பார்.

அந்தக் கடைசி வசனம்தான் எனக்கு இடிக்கிறது. அடுத்த வீட்டுக்காரனை அறியாமலே இருந்துவிடக்கூடியது இப்போது நான் இருக்கும் தனி வீட்டில்தான். அவன் கூரை ஒழுகினால் அவன் பாடு. கொண்டோவில் அது நடக்காது. ஒன்ராறியோவில் கொண்டோவுக்கென்று முதற்சட்டம் வந்தது 1967இல். இன்று நடைமுறையில் இருப்பது 1998ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி எங்களுக்கே எங்களுக்கென்று கிடைப்பது நாலு சுவருக்கு உட்பட்ட இடம். லிஃப்ட், மொட்டை மாடி, தண்ணீர்க் குழாய், நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தின் கொங்கிறீற் எல்லாமே அத்தனை பேருக்கும் பொது. நாங்கள் நின்று தேநீர் குடிக்கிற பல்கனிகூடப் பெரும்பாலும் பொதுச் சொத்துத்தான். அனுபவிக்கும் உரிமை மட்டும் எங்களுக்கு.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. எங்கள் காணி உறுதிகளில் காணியின் நாலு எல்லைகளையும் எழுதிய பிறகு கிணற்றுப் பங்கையும் வழிவாய்க்கால் உரிமையையும் தனியாக எழுதுவார்கள். கிணறு இறைக்கிற நாளில் மட்டும் காய்ச்சல் வருகிற பங்காளியை எல்லா ஊரும் கண்டிருக்கும். பங்குக் காணியில் ஒருவர் தன் பங்கை விற்கப் போனால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்க வேண்டும் என்று எங்கள் தேசவழமைச் சட்டம் விதித்தது சும்மா அல்ல. யாரோடு பங்குபோடுகிறோம் என்பது வாழ்க்கையையே பாதிக்கும் என்று அந்த மனிதர்களுக்குத் தெரிந்திருந்தது. டவுன்டவுன் கோபுரத்தில் நானூறு பங்காளிகள் இருப்பார்கள். ஒருவரையும் நான் தெரிந்தெடுக்கவில்லை. நாளைக்கு அவர்கள் யாருக்கு விற்றாலும் கேட்க எனக்கு உரிமையில்லை.

காசுக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். ரொறன்ரோ நகரத்துக்குள் ஆறு இலட்சம் டொலருக்கு வாங்கினால் மாகாணத்துக்குக் காணி மாற்று வரி 8,475 டொலர், நகரசபைக்கும் அதேயளவு. முதல் வீடு வாங்குகிறவர்களுக்குச் சலுகை உண்டு. எங்களைப் போல வீட்டை விற்றுவிட்டுப் போகிறவர்களுக்கு இல்லை. பிறகு மெயின்ரனன்ஸ். சதுர அடிக்கு 80 சதம் என்று வைத்தால் 600 சதுர அடிக்கு மாதம் 480 டொலர். மோர்ட்கேஜ் ஒருநாள் முடியும், இது முடியாது. கட்டத் தவறினால் நிர்வாகம் உங்கள் வீட்டின் மேல் உரிமை பதியலாம். அது வங்கியின் கடனுக்கும் முன்னால் வந்து நிற்கும்.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது காசு அல்ல, புளோரிடாவில் நடந்த ஒரு சம்பவம். மயாமிக்குப் பக்கத்தில், சர்ப்சைட் என்ற ஊரில் 1981இல் கட்டிய பன்னிரண்டு மாடிக் கட்டடம், 136 வீடுகள். நீச்சல் குளத் தளத்தின் கீழே கொங்கிறீற் பழுதாகியிருக்கிறது என்று 2018இலேயே ஒரு பொறியியலாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு கூட்டம், வாக்குவாதம், செலவு யார் தலையில் என்ற சண்டை. 2019இல் நிர்வாக சபையில் பலர் விலகிப் போனார்கள். ஒன்றரைக் கோடி டொலர் திருத்த வேலைக்கு 2021 ஏப்ரலில்தான் ஒருவழியாக ஒப்புதல் கிடைத்தது. ஜூன் 24 அதிகாலை கட்டடத்தின் பெரும் பகுதி சரிந்தது. 98 பேர் இறந்தார்கள். சரிவின் காரணத்தைப் பொறியியலாளர்கள் ஆராயட்டும். என் மனதில் தங்கியது அந்த மூன்று வருடப் பேச்சுவார்த்தை. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்களல்ல. மாதச் செலவு கூடுகிறதே என்று கவலைப்பட்ட, என்னைப் போன்ற சாதாரண ஆட்கள்.

அப்போது புளோரிடாவில் உரிமையாளர்கள் வாக்களித்து, பெரிய திருத்த வேலைகளுக்கான சேமநிதிக்குப் பணம் போடாமலே விடலாம். 2022இல் சட்டத்தை மாற்றினார்கள். ஒன்ராறியோவில் ரிசேர்வ் பண்ட் என்கிற அந்தச் சேமநிதி கட்டாயம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதை மீளாய்வும் செய்ய வேண்டும். அந்த வகையில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். என்றாலும் சட்டம் வந்து கூட்டத்தில் உட்காராது. வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு நாலில் ஒரு பங்கு உரிமையாளர்கள் வந்தாலே போதும். இரண்டு தடவை அதுவும் சேராவிட்டால் மூன்றாவது தடவை 15 வீதம் காணும். அவ்வளவு குறைத்தும் ஆள் சேராத கட்டடங்கள் இருக்கின்றன என்பதால்தானே இந்த விதி! டவுன்டவுனில் பல வீடுகளின் சொந்தக்காரர்கள் அங்கே வசிப்பதில்லை, வாடகைக்குக் கொடுத்தவர்கள். மாதக் கட்டணம் ஏறாதிருந்தால் அவர்களுக்குச் சந்தோஷம். லிஃப்ட் நின்றால் படியேறப் போவது அவர்களல்லவே.

இவ்வளவும் சொன்னதால் நான் எதிராளி என்று நினைக்க வேண்டாம். எங்களுக்கு முழங்கால் தேய்ந்துகொண்டு வருகிறது. டவுன்டவுனில் யூனிவர்சிட்டி அவெனியூவில் பெரிய ஆஸ்பத்திரிகள் வரிசையாக நிற்கின்றன. சென் லோறன்ஸ் சந்தைக்கு நடந்து போய் மீன் வாங்கலாம். மாசி மாதக் குளிரிலும் நிலத்துக்குக் கீழே உள்ள நடைபாதையால் கோட்டுப் போடாமலே கடை கடையாய்த் திரியலாம். கார் ஓட முடியாத வயதில் ஸ்காபரோ வீடு ஒரு சிறை. அதை அங்கே தனியே இருக்கும் சில முதியவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஆகவே நாங்களும் கட்டடம் பார்க்கத் தொடங்கிவிட்டோம். மனைவி நேரே ஜன்னலடிக்குப் போய் ஏரி தெரிகிறதா என்று பார்ப்பார். நான் கூட்டக் குறிப்புகளைக் கேட்பேன். எங்களைக் கூட்டிக்கொண்டு போகிற முகவருக்கு நான் ஒரு தொல்லை. நாற்பதாவது மாடி, தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, அழகுதான். 2011இல் ரொறன்ரோவின் புதுக் கோபுரங்கள் சிலவற்றில் பல்கனிக் கண்ணாடிகள் உடைந்து தெருவில் விழுந்து, மறுவருடம் கட்டட விதியையே மாற்ற வேண்டி வந்தது எனக்கு ஞாபகம். என் தெரிவு, ஏரி தெரியாவிட்டாலும் சேமநிதி நிரம்பிய, லிஃப்டைப் புதுப்பித்து முடித்த, கூட்டத்துக்கு ஆட்கள் வருகிற பழைய கட்டடம். இதில் மனைவியோடு இன்னும் உடன்பாடில்லை.

நீங்களும் யோசிக்கிறவர் என்றால் ஒரு வேண்டுகோள். ஏற்கெனவே ஆட்கள் குடியிருக்கும் கட்டடம் என்றால், நூறு டொலர் கட்டி ஸ்டேட்டஸ் சேர்ட்டிபிக்கேட்டை எடுத்துச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். வழக்கு, கடன், சேமநிதி எல்லாம் அதில் இருக்கும். வாங்கிக் குடிபோனால் வருடத்தில் ஒரு மாலையை அந்தப் பொதுக்கூட்டத்துக்கு ஒதுக்குங்கள். அதற்கு மனமில்லையென்றால் அதே கட்டடத்தில் வாடகைக்கு இருங்கள். ஏரி வாடகைக்காரருக்கும் தெரியும்.