கேட்கப்படாத கேள்வி

"நாங்களும் வந்தவங்கதான், அவங்களும் வந்தவங்கதான். நாங்க முன்னுக்கு வந்துட்டம். அவங்க ஏன் இன்னும் அங்கேயே கிடக்காங்க?"

நிலாவெளி வீதியில், சாம்பல்தீவுப் பாலத்துக்கு அண்மையிலுள்ள ஒரு தேநீர்க்கடையில் இதைச் சொன்னவர் நம்மவர். ஓரளவு வசதியான வியாபாரி. 'அவங்க' என்று அவர் குறித்தது மலையகத் தமிழரை. அங்கே தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவர் 1977 கலவரத்துக்குப் பின் தோட்டத்தை விட்டு இந்தப் பக்கம் வந்து சேர்ந்த குடும்பமொன்றின் மகன் என்பது சொன்னவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். அவர் அதை இழிவாகச் சொல்லவில்லை. உலகறிந்த உண்மையொன்றைச் சொல்வது போலத்தான் சொன்னார். நமது திருமண வீடுகளிலும் கடைத்தெருக்களிலும், சில வேளை குத்பாக்களிலும்கூட இந்த ஒப்பீடு வேறுவேறு வடிவங்களில் வந்துபோகிறது. நாம் உழைத்தோம், படித்தோம், சிக்கனமாக இருந்தோம், அல்லாஹ் பரக்கத் செய்தான். மற்றவருக்கு அந்த முனைப்பு இல்லை. இந்தத் தர்க்கத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், 'நாங்கள்' யார்? முஸ்லிம் என்றாலே வியாபாரி என்பது கொழும்பும் கண்டியும் உண்டாக்கிய சித்திரம். 2012 கணக்கெடுப்பின்படி திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகையில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் முஸ்லிம்கள். இவர்களில் பெரும்பாலோர் வயலையும் கடலையும் விறகையும் கூலியையும் நம்பி வாழ்பவர்கள். கிண்ணியாவின் மீனவரும் கொழும்புப் புறக்கோட்டையின் மொத்த வியாபாரியும் ஒரே சராசரிக்குள் அடைக்கப்படும்போது வியாபாரியின் செல்வம் மீனவரின் பெயரிலும் எழுதப்படுகிறது. செல்வத்தில் அவருக்குப் பங்கு வருவதில்லை. பெருமையில் மட்டும் வருகிறது.

அடுத்து, 'வந்தவர்கள்' என்ற சொல். இரு சமூகங்களும் பெருமளவு ஒரே கரையோடு தொடர்புடையவை. காயல்பட்டினம், கீழக்கரை என்று நமது பக்கம். திருச்சி, மதுரை, சேலம், தஞ்சை, புதுக்கோட்டை என்று அவர்கள் பக்கம். மொழி ஒன்றே. ஆனால் எப்படி வந்தார்கள்? 1626-இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஒரு தொகுதியினரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். அகதிகளாகத்தான் வந்தார்கள், ஆனால் வந்த இடத்தில் உழுவதற்கு நிலம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து, வழிநெடுகச் செத்து விழுந்து மலையேறிய தொழிலாளிக்குக் கிடைத்தது 'துண்டு'. அவன் பட்ட கடனை எழுதிய சீட்டு அது. அந்தக் கடனை அடைத்தாலன்றி அவன் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. வேறு துரை கடனை ஏற்றால் கடனோடு சேர்ந்து அவனும் கைமாறுவான். 1921-இல் சட்டம் அதை ஒழித்தது. வருகையின் முதல் நாளே கணக்குப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் ஒருவனது பெயர் எழுதப்படுகிறது என்பது, அவன் பேரனின் வாழ்க்கையையும் கணிசமாகத் தீர்மானிக்கிறது.

அமெரிக்காவில் இதையொத்த ஒரு விவாதம் நீண்ட காலமாக நடந்திருக்கிறது. 1981-இல் வெளிவந்த தமது நூலொன்றில் பொருளியலாளர் தோமஸ் சோவல், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பரின் வழிவந்தோர் அமெரிக்கக் கறுப்பரைவிட நல்ல நிலையில் இருப்பதைக் காட்டினார். தோல் நிறம் ஒன்று, அடிமைப் பின்னணி ஒன்று. எனவே வேறுபாட்டுக்கு நிறவெறி காரணமாக இருக்க முடியாது, பண்பாடே காரணம் என்பது வாதத்தின் சாரம். சமூகவியலாளர் சுஸான் மொடல் 2008-இல் இதற்கு எதிராக எழுதினார். தீவை விட்டுக் கப்பலேறுபவர்கள் தீவின் சராசரி மனிதர்கள் அல்லர். புறப்படும்போதே சற்று முன்னால் நிற்பவர்கள். அவர்களை ஒரு முழுச் சமூகத்தோடு வைத்து அளப்பது அளவையே பிழையாக்குகிறது. நமக்கு இது எளிதில் விளங்க வேண்டும். கையில் முதலும் கரையில் உறவினர் கடையும் வைத்துக்கொண்டு தோணியேறியவனையும், பஞ்சத்தில் கங்காணியின் முற்பணத்தை வாங்கிக்கொண்டு ஏறியவனையும் 'வந்தவர்கள்' என்ற ஒரே சொல்லால் அழைப்பது தமிழில் சாத்தியம். கணக்கில் சாத்தியமில்லை.

இவ்வளவு சொன்னபின், முயற்சிக்கு இடமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அறிஞர் சித்தி லெவ்வை 1882-இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கியதும், பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஊர் ஊராய் அலைந்ததும், 1892-இல் மருதானையில் ஸாஹிறாவுக்கு வித்திட்டதும் சூழ்நிலையின் தானியங்கி விளைவுகள் அல்ல. ஆங்கிலக் கல்வியை ஹராமாகக் கருதியவர்களோடு அவர் வாதாடினார். அந்த உழைப்பை மறுப்பது நன்றிகேடு. ஆனால் அதே முயற்சியை மலையக மக்களும் செய்தார்கள் என்பதைத்தான் நமது ஒப்பீடு மறந்துவிடுகிறது. 1931-இல் டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தபோது, பல தடைகளோடுதான் என்றாலும், அவர்களிலும் பெருந்தொகையானோர் வாக்காளராயினர். சங்கம் அமைத்தார்கள். 1940-இல் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி சுடப்பட்டு இறந்தார். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நாம் ஏறிய அதே ஏணியில்தான் அவர்களும் காலை வைத்தார்கள்.

மறு ஆண்டு ஏணி எடுக்கப்பட்டது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவனிடமும் அவனுடைய தந்தையின் பிறப்பை, அல்லது தந்தைவழிப் பாட்டனினதும் பூட்டனினதும் பிறப்பைக் கேட்டது. 1949 சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. 1960களின் தொடக்கம் வரை பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. 1952 தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இங்கே நமக்குரிய இடம் வருகிறது. இந்தச் சட்டம் எழுத்தில் எல்லோருக்கும் பொதுவானது. மூதூரில் வயல் செய்த நம் பூட்டனாரின் பிறப்புச் சான்றிதழ் எங்கே? பிறப்புப் பதிவு ஒழுங்காக நடக்காத காலத்து மனிதர் அவர். மட்டக்களப்புப் பகுதி முஸ்லிம்களிடம் குடிமுறை தாய்வழியாகவே வருவது. தந்தைவழிப் பூட்டன் யார் என்பது அங்கே பலருக்கு வாய்வழியாகக்கூடத் தெரிந்திராது. எத்தனை முஸ்லிம் குடும்பங்கள் அந்தக் கேள்விக்குப் பத்திரத்தோடு பதில் சொல்லியிருக்க முடியும்? சொல்ல வேண்டி வரவில்லை. கேள்வி நம்மிடம் கேட்கப்படவில்லை. நமது முன்னேற்றத்தின் காரணங்களை எண்ணும்போது உழைப்பையும் சிக்கனத்தையும் எண்ணுகிறோம்; கேட்கப்படாமல் போன அந்தக் கேள்வியை எண்ணுவதில்லை.

நம்மில் ஒரு பிரிவினரிடம் அது கேட்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1949 சட்டத்தின் பெயரே 'இந்திய, பாகிஸ்தானிய வதிவோர்' சட்டம். கரையோரச் சோனகர் எனப்பட்ட இந்திய முஸ்லிம்கள் அதற்குள் அகப்பட்டார்கள். 1953 கணக்கெடுப்பில் 'இந்தியச் சோனகர்' 47 ஆயிரத்துக்கு மேல். பிந்திய கணக்கெடுப்புகளின் சுருக்க அட்டவணைகளில் அந்த வரியே தனியாகத் தென்படுவதில்லை. ஒரு பகுதியினர் ஊர் திரும்பினர். மிஞ்சியோர் காலப்போக்கில் இலங்கைச் சோனகருக்குள் கலந்தனர். பெயர், பள்ளிவாசல், மணவுறவு எல்லாம் அதற்கு வழிவிட்டன. தோட்டத் தொழிலாளிக்கு அப்படிக் கலந்துபோக வழியில்லை. அவனுடைய முகவரியே லயன் காம்பரா. வீட்டு இலக்கத்துக்குப் பதிலாகத் தோட்டத்தின் பெயரும் டிவிசனும் எழுதப்படும் ஒருவன் எந்தச் சமூகத்துக்குள் போய்க் கரைவான்?

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த டீ.எஸ். சேனாநாயக்கவின் அமைச்சரவையில் டீ.பீ. ஜாயா இருந்தார். அவர் வகித்தது தொழில், சமூக சேவைகள் அமைச்சு. ஸாஹிறாவைக் கட்டியெழுப்பிய அதிபர், மலாய் வம்சத்தவர், தாமும் வந்தவர்களின் வழித்தோன்றல். நாட்டின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டம் நாடற்றதாக்கப்பட்டபோது தொழிலமைச்சர் நம்மவர். அவருடைய கல்விப் பணியைக் குறைத்துப் பேசுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் ஜாயா நினைவுக் கட்டுரைகளில் இந்த வரி ஏன் விடுபடுகிறது என்று நமது பத்திராதிபர்களைக் கேட்கலாம்.

வாக்கு என்ன செய்யும் என்பதற்கு 1970-77 ஆட்சியைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. கல்வி அமைச்சர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத். முஸ்லிம் பாடசாலைகள் பெருகின. முஸ்லிம் ஆசிரியர்கள் பெருந்தொகையாக நியமனம் பெற்றார்கள். நமது மாவட்டத்தில் இன்று ஓய்வூதியம் பெறும் பல ஆசிரியர்களின் முதல் நியமனக் கடிதம் அந்த ஆண்டுகளுக்குரியது. அவர் பாராளுமன்றத்துக்கு நியமன உறுப்பினராக வந்தவர்தான். ஆனால் அந்த நியமனத்தின் பின்னால் பல தொகுதிகளில் வெற்றியைத் தீர்மானித்த முஸ்லிம் வாக்குகள் இருந்தன. மூதூரில் ஏ.எல். அப்துல் மஜீத் போன்றவர்கள் அந்த வாக்குகளால் நேரடியாகவே வந்தார்கள். இனி அதே ஆட்சியில், அதே ஆண்டுகளில் மலையகம்: 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது, கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. 1972-லும் 1975-லும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973-74 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு பரவலாகப் பொறுப்பேற்றதே 1977-க்குப் பிறகுதான். அதாவது 1945-இன் இலவசக் கல்வி மலையேற முப்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. நாடற்றோர் பிரச்சினையை முடித்த சட்டம் 2003-இல் வந்தது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே அமைச்சரவை மேசையில் ஒரு சமூகத்துக்கு நியமனக் கடிதமும் மற்றதற்குக் கப்பல் சீட்டும் கையெழுத்தாயின. இடையில் இருந்த வித்தியாசம் முனைப்பு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

காரூனின் வரலாறு நமக்குத் தெரியும். அவன் மூஸா நபி (அலை) அவர்களின் சமூகத்தையே சேர்ந்தவன். அவனுடைய குற்றம் செல்வம் அல்ல. அது தன்னிடமிருந்த அறிவினால் கிடைத்தது என்று அவன் சொன்ன காரணம். தனி மனிதன் சொன்னால் அதைக் கர்வம் என்று உடனே அடையாளம் காண்கிறோம். ஒரு சமூகம் முழுவதும் சேர்ந்து சொல்லும்போது அதைத் தன்னம்பிக்கை என்கிறோம். ரிஸ்க் அல்லாஹ்விடமிருந்து வருகிறது என்று நம்புகிறவர்கள், நமது ரிஸ்கை நமது குணத்தின் சான்றிதழாகவும் பிறரது வறுமையைப் பிறரது குணத்தின் சான்றிதழாகவும் வாசிப்பது அகீதாவிலேயே பிசகு என்று எனக்குத் தோன்றுகிறது. உலமாக்கள் திருத்தலாம்.

'முன்னுக்கு வந்த' நிலை எவ்வளவு உறுதியானது என்பதும் யோசிக்கத்தக்கது. 1915-இல் தாக்கப்பட்டவை சோனகர் கடைகள். அதிலும் கரையோரச் சோனகர் மீது கொண்ட வெறுப்பு அதில் பெரும் பங்கு வகித்தது. 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். தலைமுறைகளின் தேட்டம் அதற்குள் முடிந்தது. 2014 அளுத்கம, 2018 திகன, 2019 மே மாதத்து மினுவாங்கொடை. இவற்றில் நம் காதில் விழுந்த கோஷங்களில் ஒன்று, சவூதிக்குப் போங்கள் என்பது. 1888-இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகர் இனத்தால் தமிழரே என்று எழுதியதையும், ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907-இல் அதை மறுத்ததையும் நமது மாணவர்கள் படிக்கிறார்கள். அரபு வம்சம் என்ற அந்த மறுப்பு அன்று தனிப் பிரதிநிதித்துவத்துக்கு உதவியது. இந்தியக் கூலி என்ற பட்டியலிலிருந்து நம்மைத் தள்ளியும் வைத்தது. இராமநாதனின் நோக்கம் தூய்மையானதல்ல, அது வேறு விடயம். இன்று அதே அரபு வம்சம் நம்மைப் புறப்படச் சொல்பவனின் வாயில் இருக்கிறது. 1948-இல் கேட்கப்படாத கேள்வி வேறு மொழியில், வேறு குரலில் வந்து சேர்ந்திருக்கிறது.

மலையக மக்கள் அந்தக் கேள்வியோடு முக்கால் நூற்றாண்டு வாழ்ந்தவர்கள். 2023-இல், மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள்.

நம் எழுத்தாளர்களுக்கு இதில் வேலை உண்டு. இந்த இரு சமூகங்களும் தனித்தனிக் கூடுகளில் வாழ்ந்தவை அல்ல. ஹற்றனிலும் நாவலப்பிட்டியிலும் பதுளையிலும் நம்மவர் கடை வைத்திருந்தார்கள். துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லயன் லயனாக ஏறினார்கள். சம்பள நாள் வரை கடன் கொடுத்தார்கள். அதனால் சில அடுப்புகள் எரிந்தன. சில சம்பளங்கள் வீடு போய்ச் சேரவுமில்லை. எது எவ்வளவு என்பது கடைக் கொப்பிகளில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் குடும்பங்களின் பரண்களில் அவை சில இன்னும் கிடக்கக்கூடும். கறையான் அரிக்குமுன் யாராவது எடுத்துப் படித்தால் நல்லது.