அபிமானம் என்னும் சொல்

இலத்தீன் மொழியில் ‘பியெத்தாஸ்’ என்னும் சொல், தெய்வத்துக்கும் பெற்றோருக்கும் தாய்நாட்டுக்கும் ஒருவன் செலுத்தக் கடமைப்பட்ட பற்றினைக் குறித்தது. அதன் வழிமொழிகளில் அப்பொருள் திரிபடைந்தது. இத்தாலியர் அச்சொல்லால் இரக்கத்தைச் சுட்டினர். பிரெஞ்சுக்காரரோ பக்திக்கு ஒரு வடிவம், இரக்கத்துக்கு வேறொரு வடிவம் என அதனை இரண்டாக்கிக்கொண்டனர். கீழைத்தேய மொழிகளுள் இத்தகைய வரலாறுடையது ‘அபிமானம்’ எனலாம்.

வடமொழியில் அது பெரும்பாலும் செருக்கைக் குறிக்கும். சிங்களத்தில் ‘அபிமானய’ என்பது பெருமிதம், மலையாளத்திலும் அவ்வாறே. தமிழிலும் தெலுங்கிலும் பற்று என்னும் பொருளே முந்தி நிற்கின்றது. வங்காளத்திலோ, அன்புக்குரியவர் புறக்கணித்தமையால் எழும் மனத்தாங்கலே அபிமானம். அயலார் புறக்கணிப்பின் ஆங்கு அச்சொல்லுக்கு இடமில்லை. உரிமை உள்ளவிடத்திலேயே அது பிறக்கும்.

இவ்வளவில் நிற்பின் இஃது அகராதிக்காரர் வேலையாகிவிடும். பற்றும் பெருமிதமும் ஒரே சொல்லில் உறைவது தற்செயலா? தன்மதிப்பை மறுக்கும் மண்மீது ஒருவன் பற்றுக்கொள்ளல் கூடுமா? மலையகத்தை நோக்குமிடத்து இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

ஹற்றனிலும் நுவரெலியாவிலும் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தோருள் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். இந்நாட்டில் நிலையான பற்றில்லாதவர் என்பதே அவர்மீது சுமத்தப்பட்ட பழி. பற்றுக்குச் சான்றாகக் கேட்கப்பட்டதோ தந்தையின் பிறப்பு, அன்றேல் பாட்டன், பூட்டனின் பிறப்பு. லயத்தில் பிறந்த பலரிடம் அதற்கான பத்திரம் இருக்கவில்லை. காட்டை அழித்துத் தேயிலை நட்ட கைகள் சான்றாகக் கொள்ளப்படவுமில்லை.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தேயிலைத் தூளைக்கூடத் தரம் பார்த்தே பிரிப்பர்! நீலகிரிக்குச் சென்றோர் அங்கே ‘சிலோன்காரர்’ ஆயினர். இங்கே எஞ்சியோர் ‘இந்தியத் தமிழர்’ ஆகவே இருந்தனர்.

இம்மக்களின் முறையீட்டை வந்தேறிகளின் நன்றியின்மையாகக் கொண்டோர் உளர். அது பொருந்தாது. வேண்டாத மண்ணிடம் எவரும் மனத்தாங்கல் கொள்வதில்லை. வங்காளியர் கொள்ளும் பொருளில் அதுவே அபிமானம். பற்று குறைந்ததால் அன்று, பற்றுக்குரிய மதிப்புக் கிடையாததால் எழுந்தது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்கும் குடியுரிமை வழங்கியது. லயத்து அறைக்கும் அதன் முன்னுள்ள மரக்கறிப் பாத்திக்கும் உரிய காணி உறுதி மட்டும் இன்றும் பலர் கையில் இல்லை.