முன்சீப் வீட்டுப் பிள்ளை

போன ஆடியில், தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேரப் போவதாக என் மகன் சொன்னான். "அப்ப நிலத்த யாரு பாக்கறது?" என்று கேட்டேன். "இத்தன வருசம் நீங்க பாத்தீங்க இல்லப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினான். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பாட்டன் காலத்து நிலம். ராகியும் நிலக்கடலையும் விளைந்த மண்ணில் தக்காளி போட்டுக் கடன் அடைத்தவன் நான். இதை விட்டுப் போகிறேன் என்று அவனால் எப்படிச் சொல்ல முடிந்தது?

அந்தக் கோபம் நியாயம்தானா என்ற கேள்வி சில நாள் கழித்துத்தான் வந்தது. அவன் தங்கப் போகும் அறையைப் பார்க்க ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். மாரண்டஹள்ளியில் ஏறினால் ராயக்கோட்டை, கெலமங்கலம் தாண்டி ஓசூர். ஓசூருக்குப் பக்கத்தில்தான் தொரப்பள்ளி. 1878 டிசம்பர் 10ஆம் தேதி ராஜாஜி பிறந்த ஊர். 1965 வரை அந்த ஊரும் எங்கள் ஊரும் ஒரே சேலம் மாவட்டத்தில் இருந்தன. பிறகு 2004 வரை ஒரே தருமபுரி மாவட்டம். எங்கள் சந்தையைப் போலவே தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசும் சீமை அது. இந்த மண்ணிலிருந்து போனவர்தான் சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக உட்கார்ந்தார்.

எங்கள் வீட்டில் அவர் பெயரை மரியாதையோடுதான் சொல்வார்கள். என் பாட்டி வருசக்கணக்கு சொல்லும்போது "கள்ளுக்கடைய மூடின வருசம்" என்பாள். 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரான ராஜாஜி, மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். அக்டோபர் 1ஆம் தேதி. தன் சொந்தச் சீமையில் தொடங்கினார். கஜானாவில் விழுந்த ஓட்டையையும் மறைக்கவில்லை. 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவந்து, அந்தப் பழியையும் தன் தலையிலேயே ஏற்றுக்கொண்டார். அதற்கு முந்தின ஆண்டே விவசாயிகளின் கடனுக்கு நிவாரணச் சட்டம் போட்டிருந்தார். பாட்டி அவரைக் கும்பிட்டதற்குக் காரணம் இருந்தது.

அவரைப் பழமைவாதி என்பார்கள். அந்தச் சொல் அவருக்குப் பொருந்தும் என்றே நானும் நினைக்கிறேன். இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் எளிய தமிழில் எழுதிய மனிதர். பக்தியும் குடும்பமும் நிலமும் சமூகத்தைத் தாங்குகின்றன என்று நம்பியவர். ஆனாலும் 1939இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அரிசனங்கள் நுழைந்தபோது அதற்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது அவர் அரசுதான். அதற்கும் ஆறு வருடம் முன்பே, 1933இல், தன் மகள் லட்சுமியைச் சாதி தாண்டி காந்தியின் மகன் தேவதாசுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதை விட வேண்டும் என்று யோசித்து, விட வேண்டியதைத் தன் வீட்டிலிருந்தே விட்டவர்.

அப்படிப்பட்டவர் 1953இல், மறுபடி முதல்வராக இருந்தபோது, ஏன் அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தார் என்பதுதான் ரயிலில் என்னை அரித்தது. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பாதி நாள் மட்டும் பாடம். மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். அவர் பக்கம் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பணம் கிடையாது, கட்டடம் கிடையாது, ஆசிரியர்கள் போதாது. இரண்டு வேளையாகப் பிரித்தால் இரண்டு பங்குப் பிள்ளைகள் படிக்கலாம். கைத்தொழிலை இழிவாக நினைக்கும் படிப்பு வேண்டாம் என்றும் உண்மையாகவே நம்பினார். எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்றார்கள். பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தார்கள், காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு. 1954 ஏப்ரலில் பதவி விலகினார். காமராசர் முதல்வரானார், திட்டம் அந்த ஆண்டே கைவிடப்பட்டது.

எதிர்த்தவர்கள் சொன்னதுதான் சரி. செருப்புத் தைப்பவர் மகன் பாதி நாள் செருப்புத் தைக்க வேண்டும், வெளுப்பவர் மகள் பாதி நாள் துறைக்குப் போக வேண்டும் என்றால், அந்தப் பிள்ளை வெளியே வரும் வழி பாதியாகக் குறுகிவிடும். நகரத்துப் பிள்ளைக்கு அந்தக் குறுக்கல் இல்லை.

தொரப்பள்ளியில் ராஜாஜியின் அப்பா கிராம முன்சீப். அந்த முன்சீப் தன் பையனைப் பாதி நாள் கிராமக் கணக்குப் புத்தகத்தின் முன்னால் உட்கார வைக்கவில்லை. ஓசூரில் பள்ளி, பெங்களூரில் சென்ட்ரல் கல்லூரி, சென்னையில் சட்டப் படிப்பு என்று அனுப்பிக்கொண்டே இருந்தார். அப்படி அனுப்பியதால்தான் சேலம் வக்கீல் கிடைத்தார், வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்த தலைவர் கிடைத்தார். கள்ளுக்கடையை மூடியபோது வந்த பழியை அவரே சுமந்தார். மகள் கல்யாணத்தில் ஊரார் பேச்சையும் அவரேதான் தாங்கினார். பாதி நாள் பள்ளியில் மட்டும், அவருடைய நம்பிக்கைக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தவர்கள் அடுத்தவர் பிள்ளைகள். பெரிய மனிதர் ஒருவர் சறுக்கிய இடம் அது என்று நான் நினைக்கிறேன். கெலமங்கலம் தாண்டும்போது, நானும் அதே இடத்தில்தான் நிற்கிறேன் என்பது புரிந்தது. நிலத்தின் மேல் ஆசை என்னுடையது. அதற்கு என் மகனின் வருசங்களைக் கேட்கிறேன்.

அவரிடம் எனக்குப் பிடித்த இன்னொன்றும் உண்டு. எண்பது வயதில் சுதந்திராக் கட்சி தொடங்கினார். உழுகிறவன் நிலம் அவனிடமே இருக்கட்டும், கூட்டுப் பண்ணை வேண்டாம், லைசென்ஸ் பெர்மிட் கோட்டா ராஜ்யம் வேண்டாம் என்று நேருவை எதிர்த்து நின்றார். 1967இல் மக்களவையில் அந்தக் கட்சிக்கு 44 இடங்கள். விவசாயியாக அந்தப் பேச்சில் பெரும்பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். தன் முதல் ஆட்சியில் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர், பின்னாளில் இந்தித் திணிப்பை எதிர்த்துப் பேசினார். பழமையைப் பிடித்துக்கொண்டவர் என்று பெயர் எடுத்தவர், தான் முன்பு செய்ததை வெளிப்படையாக மாற்றிக்கொண்டார். 1972 டிசம்பர் 25ஆம் தேதி இறந்தபோது வயது 94. அவர் பிறந்த வீடு இன்று அரசின் நினைவு இல்லம். ஓசூர்ப் பக்கம் போகிறவர்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். சின்ன வீடுதான்.

அன்று ஓசூரில் இறங்கியதும் அறைக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். மகன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுச் சாயங்கால ரயிலில் திரும்பினேன். இந்த ஆடியில் பாதி நிலத்தில்தான் தக்காளி. மீதியை வாரத்துக்கு விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் வருகிறான். கயிறு கட்ட இன்னமும் அவன் கைதான் சுருக்கு.