ஊக்குவிப்போர் பெறுவது என்ன?

பிறரை ஊக்குவிப்பதால் பயன் பெறுபவர் யார்? ஊக்கம் பெற்றவர் என்றே எவரும் விடை கூறுவர். ஊக்குவித்தவருக்கும் அதில் பங்கு உண்டு, அவருடைய பார்வையே அதனால் திருந்துகிறது என்பது நம் கருத்து. ஆயின் இதைச் சொன்னவுடன் ஓர் ஐயம் எழுகிறது. தம் உள்ளம் தெளிய வேண்டும் என்பதற்காக ஒருவர் பிறரை ஊக்குவிப்பாரேல் அது உதவியா, வாணிபமா? நிய்யத்தை அமலின் உயிராகக் கருதும் நமக்கு இது சிறிய கேள்வி அன்று.

நாம் வாழும் திருவண்ணாமலையிலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. பின்னாளில் ரமணர் என அறியப்பெற்ற வேங்கடராமன், 1896 செப்டம்பர் முதல் நாள் பதினாறு வயதுச் சிறுவராக இவ்வூருக்கு வந்தார். பள்ளிப் படிப்பை நடுவில் விட்டவர்; தத்துவ நூல்களைப் பயின்றவர் அல்லர். அவர் பெரும்பாலும் மௌனமாக இருந்த அந்நாள்களில் பழனிசாமி என்னும் மலையாளி அவருக்குப் பணிவிடை செய்துவந்தார். பழனிசாமிக்கு வேதாந்தத்தில் தீராத வேட்கை. நகரிலிருந்து தமிழ் நூல்களைக் கொண்டுவருவார். ஆனால் தமிழ் அவருக்குச் சரளமாக வராது. எழுத்துக் கூட்டி, வரிக்கு வரி தடுமாறுவார். அதைக் கண்ட இளைஞர் அந்நூல்களைத் தாம் வாங்கிப் படித்து, சாரத்தை அவருக்கு எடுத்துரைத்தார். இவ்வாறே ஒன்றன்பின் ஒன்றாகப் பல நூல்கள். ரமணருக்கு நூலறிவு வாய்த்த வழி இது என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

அவருடைய கொள்கையோடு நாம் உடன்படுகிறோமா என்பது ஈண்டுப் பேச்சன்று. ‘மொழியே சரியாக வராதவருக்கு வேதாந்தம் எதற்கு?’ என்று எவரும் எளிதாகக் கேட்டிருக்கலாம். அவரோ தடுமாற்றத்தைப் பார்க்கவில்லை; அதன் பின்னால் நின்ற தாகத்தைப் பார்த்தார். அறிஞராக வேண்டும் என்று அவர் அந்த நூல்களைத் தொடவில்லை. எதிரே ஒருவர் தவித்தார், அதனால் தொட்டார். அறிவு பின்னே வந்தது.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதன்று. உஸ்தாத் நடத்திய பாடத்தை மாணவர் கூடி மீண்டும் ஓதிப் பார்க்கும் ‘தக்ரார்’ நமக்குப் பழக்கமானது. ஸர்ஃபு வாய்பாட்டில் தடுக்கி, ‘எனக்கு ஓதல் வராது, ஊருக்கே போய்விடுகிறேன்’ என்று கண் கலங்கும் ஒரு பிள்ளை எல்லா ஆண்டும் இருக்கும். அப்பிள்ளையைத் தேற்ற வேண்டிய மூத்த மாணவர் என்ன செய்வார்? அவன் செய்த பத்துப் பிழைகளுக்கு நடுவே அவன் சரியாகச் சொன்ன ஒன்றைத் தேடியாக வேண்டும். வெறுமனே ‘நன்றாக ஓதுகிறாய்’ என்றால் பிள்ளை நம்பாது. பிள்ளைகள் பொய்யை விரைவில் கண்டுகொள்வர். அந்த ஒன்றைத் தேடும் முயற்சியே மூத்தவரின் கண்ணைப் பழக்குகிறது. தாம் விளங்கிவிட்டதாக எண்ணியிருந்த இடம் விளங்காமலே கிடந்தது என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரிகிறது.

முப்பது ஆண்டு கற்பித்தோரைப் பிடிக்கும் நோய் ஒன்று உண்டு. ‘இக்காலத்துப் பிள்ளைகள் தேறமாட்டார்கள்’ என்று ஓதிக்கொண்டே இருப்பது. எண்பது மதிப்பெண்ணோடு வரும் மகனிடம் ‘மீதி இருபது எங்கே?’ என்று கேட்கும் அத்தாவுக்கும் அதே நோய்தான். அத்தகையவர் இரவில் தம் வாழ்வை எண்ணிப் பார்க்கும்போதும் அந்த இருபதையே எண்ணுகிறார். மகனைப் பார்க்க ஒரு கண், தன்னைப் பார்க்க வேறொரு கண் என்று மனிதனுக்கு இல்லை.

ஊக்கமும் புகழ்ச்சியும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் நாவின் ஆபத்துகளைப் பேசும்போது, புகழ்ச்சியில் ஆறு கேடுகளை எண்ணுகிறார்கள். அவற்றுள் நான்கு புகழ்பவனைச் சார்ந்தவை. புகழப்படுபவனைச் சார்ந்தவை இரண்டே. புகழ்பவனுக்கே கேடு மிகுதி என்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. மிகைப்படுத்திப் பொய்யில் விழுவதும், உள்ளத்தில் இல்லாததை நாவில் காட்டுவதும் அவனுடைய கேடுகளுள் அடங்கும். புகழ்ச்சி முடிந்த செயலைச் சுற்றி வருவது. ஊக்கம் அடுத்து வைக்க வேண்டிய அடியைக் காட்டுவது. முன்னது பார்க்காமலே சொல்லக்கூடியது. பின்னதைச் சொல்ல எதிரே இருப்பவரை நன்றாகப் பார்த்தாக வேண்டும்.

முதலில் எழுந்த ஐயத்திற்கு விடையும் இங்கேயே கிடைக்கிறது. தமக்கு வரும் பயனைக் கணக்கிட்டபடி ஊக்குவிப்பவர் எதிரே இருப்பவரைப் பார்ப்பதில்லை, தம்மையே பார்க்கிறார். ஆகவே பார்வை திருந்துவதற்கு வழியே இல்லை. இந்த வாணிபத்தில் முதலும் திரும்பாது.

நம் இலக்கியத்திலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. சீறாப்புராணம் பாட உமறுப் புலவரைத் தூண்டியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. காப்பியம் நிறைவேறுமுன் அவர் மறைந்தார். பின்னர்ப் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் புலவரை ஆதரித்தார். நூலுள் வள்ளலாகப் பாடப்பெறுபவர் அபுல் காசிமே. சீதக்காதியோ, தாம் தூண்டிய அந்தக் காப்பியம் முற்றுப்பெற்றதைக் கண்டாரில்லை.