போர்வையும் புத்தகமும்

புனித யோசேப் வாஸ் திருநாள் மறையுரை



தை மாதக் குளிர் கண்டியில் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. விடியற்காலையில் ஹந்தானை மலையிலிருந்து இறங்கிய பனி குளத்தின்மேல் படுத்துக் கிடந்தது. முதற்பூசைக்கு வந்த அம்மாமார் சால்வையை இறுக்கிப் போர்த்தியபடியேதான் முழந்தாளிட்டார்கள். இந்த மாதிரிக் குளிர் நாள்களில் எனக்குப் பவுலடியாரின் கடைசிக் கடிதம் நினைவுக்கு வரும். திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகம், நான்காம் அதிகாரம்.

பவுல் சிறையில் இருக்கிறார். சாவு நெருங்கிவிட்டது என்று அவருக்குத் தெரியும். கூட இருந்தவர்கள் பலர் போய்விட்டார்கள். லூக்கா ஒருவர்தான் பக்கத்தில். அந்த நிலையில் தம் பிள்ளை போன்ற திமொத்தேயுவிடம் ஒரு சின்ன உதவி கேட்கிறார். துரோவாவில் கார்ப்பு என்பவர் வீட்டில் விட்டுவந்த போர்வையைக் கொண்டுவரச் சொல்கிறார். அதே மூச்சில் புத்தகங்களையும், முக்கியமாகத் தோற்சுருள்களையும் கேட்கிறார். குளிர்காலத்துக்கு முன்னமே வந்துவிடும்படி கெஞ்சுகிறார்.

நான் குருமடத்து மாணவனாக இருந்த காலத்தில் இந்த வசனத்தைப் பெரிதாக எண்ணியதில்லை. சாமான் பட்டியல்போல இருந்தது. இப்போது வயது ஏற ஏற, அந்த ஒரு வரி என்னை விடுவதில்லை. உயிர்த்த ஆண்டவரையே கண்டவர் இவர். மூன்றாம் வானம்வரை எடுத்துச்செல்லப்பட்டவர். இன்று பூசைகளில் நாம் வாசிக்கும் திருமுகங்களை எழுதியவர். அவருக்கே சாகும் நேரத்திலும் வாசிக்கப் புத்தகம் வேண்டியிருந்தது. உடம்புக்குப் போர்வை எப்படியோ, ஆன்மாவுக்குப் புத்தகம் அப்படி இருந்திருக்கிறது.

இன்று நாம் கொண்டாடும் நம் புனிதரும் இதே குளிரில் சிறை இருந்தவர். கோவாவிலிருந்து 1687இல் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலம் அது. 1692இல் கண்டிக்கு வந்தபோது, போர்த்துக்கேய ஒற்றன் என்று பழி சுமத்திச் சிறையில் போட்டார்கள். அப்போது அரசர் இரண்டாம் விமலதர்மசூரியர். சிறையில் சுவாமி என்ன செய்தார்? சிங்களம் படித்தார். உண்மை தெரியவந்தபோது அந்தப் பௌத்த அரசர் அவரை விடுவித்துத் தம் நாட்டில் பணிசெய்யவும் இடங்கொடுத்தார். அந்த நன்றியை நாம் மறக்கக் கூடாது. 1711 ஜனவரி 16ஆம் தேதி இந்தக் கண்டியிலேதான் யோசேப் வாஸ் உயிர்விட்டார். 2015இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது உங்களில் பலர் விடிய விடிய பஸ்ஸில் போய் அந்தக் கூட்டத்தில் நின்றீர்கள்.

மழை வேண்டி அவர் செபித்ததையும், அம்மை நோயாளரைத் தூக்கிப் பராமரித்ததையும் வருடந்தோறும் கேட்டிருக்கிறீர்கள். இன்று நான் கேட்பது வேறொன்று. பல ஆண்டுகள் இந்தத் தீவு முழுவதற்கும் அவர் ஒருவரே குரு. புத்தளம், மன்னார், நீர்கொழும்பு, கொழும்பு, கண்டி, எல்லா இடத்துக்கும் கால்நடை. ஓர் ஊருக்கு ஒரு தடவை வந்து போனால் மறுபடி எப்போது வருவார் என்று தெரியாது. அந்த இடைக்காலத்தில் நம் முன்னோர் எப்படிக் கிறிஸ்தவர்களாக நிலைத்திருந்தார்கள்?

ஊருக்கு ஓர் அண்ணாவியார் இருந்தார், ஒரு மூப்பர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சனங்களைக் கூட்டிச் செபம் சொல்லுவார்கள். செபம் முடிந்ததும் ஏட்டைப் பிரித்து வாசிப்பார்கள். அந்த ஏடு எங்கிருந்து வந்தது என்பதுதான் நம் திருச்சபையின் அழகான கதை.

1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் என்ற இளம் குரு கோவாவிலிருந்து வந்து சேர்ந்தார். அவர் முதலில் தமிழ் கற்றார். பிறகு யோசேப் வாஸ் சுவாமி அவரைச் சிங்களம் கற்கக் கண்டிக்கு அனுப்பினார். ஆன்மாக்களைத் தேடி ஓட ஆள் போதாத காலத்தில், ஒரு குருவை உட்கார்ந்து இலக்கணம் படிக்க விட்டார்! பணிச்சுமையில் மூழ்கியிருக்கும் எந்தப் பங்குச் சுவாமியாருக்கும் இது எவ்வளவு பெரிய துணிவு என்று தெரியும். தாம் போக முடியாத வீட்டுக்கும் ஒரு புத்தகம் போகும் என்று அவர் கண்டுகொண்டார். கொன்சால்வெஸ் சுவாமி 1742இல் போலவத்தையில் இறக்கும்வரை எழுதிக்கொண்டேயிருந்தார். சிங்களத்தில் ஏறக்குறைய இருபது நூல்கள், தமிழில் பத்துக்கும் மேல். ஞாயிறு, திருநாள் நற்செய்திகளை விளக்கும் சுவிசேஷ விரித்துரை, ஆண்டவருடைய பாடுகளைச் சொல்லி அழவைக்கும் வியாகுலப் பிரசங்கம் எல்லாம் அவர் கை. யாழ்ப்பாணத்தில் தவக்காலத்தில் அந்தப் பிரசங்கத்தை இராகத்தோடு வாசிக்கக் கேட்டவர்கள் இந்தக் கோவிலிலும் இருக்கிறீர்கள்.

கொழும்பில் ஒல்லாந்தருக்கு 1737 அளவில் அச்சுக்கூடம் வந்துவிட்டது. நம்மவருக்கு அது கிடையாது. எல்லாம் ஓலைதான். ஓலையை அவித்து, உலர்த்தி, மெருகேற்றி, எழுத்தாணியால் ஒவ்வோர் எழுத்தாகக் கீற வேண்டும். நீங்கள் பழைய ஏட்டைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? கீறிய உடனே அதில் எழுத்துத் தெரியாது, வெறும் கீறல்தான். கரியை எண்ணெயில் குழைத்து ஓலைமுழுதும் பூசித் துடைத்த பிறகே எழுத்துக் கறுப்பாக எழும்பி நிற்கும்.

நாம் வாசிக்கும் வாசிப்பும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். வாசித்த அன்று ஒன்றும் நடந்ததுபோல இருக்காது. பெரியாஸ்பத்திரி வார்டு வாசலில், உள்ளே விடமாட்டார்களா என்று காத்து நிற்கும் ஒரு ராத்திரியில், பத்து வருடத்துக்கு முன் வாசித்த ஒரு பக்கம் எழும்பி வந்து நிற்கும். கரி பூசப்படும் நேரம் நம் கையில் இல்லை. கீறி வைப்பது நம் கையில் இருக்கிறது.

"எனக்கு எழுத்து வராது சாமி" என்று சொல்லும் அம்மாமாரே, நீங்கள் வெட்கப்பட வேண்டாம். போன தவக்காலத்தில் மேலே ஒரு தோட்டத்து லயத்துக்கு நோயில் பூசுதல் கொடுக்கப் போயிருந்தேன். கரண்ட் இல்லை. கொழுந்து பறித்தே ஆயுளைக் கழித்த ஒரு அப்பாயி கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஆறாம் வகுப்புப் பேத்தி, மெழுகுதிரியைப் பலகைக் கட்டையில் ஒட்டவைத்து, அட்டை கழன்ற ஒரு சின்னப் பாடுகளின் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். கெத்சமனி என்ற சொல்லில் தடுக்கி நின்றாள். கண்ணை மூடியபடியே அப்பாயி அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்தார். அடுத்த வரியையும் அவரே சொன்னார். அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அவருடைய தகப்பனார் பெரட்டுக்குப் போகுமுன் வாசிப்பாராம், இவர் அடுப்படியில் இருந்து கேட்பாராம். அன்று நான் கொண்டுபோன எண்ணெயை விட அந்தப் பிள்ளையின் குரலே அந்த அறையில் முதலில் வந்து சேர்ந்திருந்தது.

ஆகவே சத்தமாக வாசியுங்கள். திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அதிகாரி தேரில் இருந்து எசாயாவை வாசிக்கிறார். அவர் வாயால் வாசித்ததால்தான் பிலிப்பின் காதில் விழுந்தது, இருவரும் ஒரே தேரில் அமர முடிந்தது. கலஹா பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பாரே என்று கூச்சமாக இருந்தால், வீட்டிலாவது வாசியுங்கள்.

எதை வாசிப்பது? முதலில் நற்செய்தி. அதற்கடுத்து புனிதர் சரிதை. 1521இல் காலில் குண்டடி பட்டுக் கட்டிலில் கிடந்த இஞ்ஞாசியார் வீரக்கதை கேட்டார். வீட்டில் இருந்தவையோ கிறிஸ்துவின் சரிதையும் புனிதர் வரலாறுமே. அவரை மாற்றியது அதுதான். அவர் தொடங்கிய சபையைச் சேர்ந்த அன்றிக்கே அடிகளார் 1586இலேயே புனிதர் வரலாற்றைத் தமிழில் அச்சிட்டுத் தந்துவிட்டார். இத்தனை நூற்றாண்டுச் சொத்து நம் மொழியில் இருக்கிறது, பிள்ளைகளே. சிலுவைப் படம் போட்ட அட்டையென்றால் எல்லாம் நல்லதென்று எண்ணிவிடாதீர்கள். உலகம் முடியும் தேதி சொல்லிப் பயமுறுத்தும் துண்டுப்பிரசுரங்கள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வாசித்து எழும்பும்போது பக்கத்து வீட்டாரை வெறுக்கத் தோன்றினால் அந்தப் புத்தகத்தை மூடிவிடுங்கள். கைப்பேசியில் நாள்தோறும் வந்து குவியும் வசனப் படங்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு கவளத்தை வாயில் வைத்த உடனே இலையை மாற்றிக்கொண்டே போனால் யாருக்குப் பசி ஆறும்?

யோசேப் வாஸ் சுவாமியை இந்த ஊரில் எங்கே அடக்கினார்கள் என்ற இடம் இன்று நமக்குத் தெரியாது. அவர் கட்டிய கோவிலும் நிற்கவில்லை. அவர் படிக்க அனுப்பிய பிள்ளை எழுதியது மட்டும் முந்நூறு வருடமாக வாசிக்கப்படுகிறது.

பூசை முடிந்து போகும்போது பின்வாசல் மேசையில் பாருங்கள். பங்கு வீட்டு அலுமாரியில் இருந்ததையெல்லாம் துடைத்து அடுக்கி வைத்திருக்கிறோம். சில புத்தகங்களின் முதல் பக்கத்தில் நம் பங்கில் இறந்துபோனவர்களின் கையெழுத்து இருக்கிறது. உங்கள் தாத்தாவின் பெயரும் இருக்கலாம். ஒன்றை எடுத்துப் போங்கள். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டில் ஆகச் சின்னப் பிள்ளையிடம் கொடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். தடுக்கினால், எடுத்துக்கொடுங்கள்.