எனக்குப் பிடிச்சிருக்கா, என்னைப் பிடிச்சிருக்கா?



"இப்போ என்ன கேம் ஓடுது?"

இந்தக் கேள்விக்கு நம்ம பசங்க யாரும் யோசிக்கிறதே இல்லை. பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர், ஈஃபுட்பால், கிளாஷ் ஆஃப் கிளான்ஸ், மைன்கிராஃப்ட்னு பதில் உடனே வந்துடும். ராங்க் என்ன, எத்தனாவது சீசன், எந்த ஸ்கின் கையில இருக்கு, எல்லாம் கூடவே வரும்.

அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்க. "நல்லா இருக்கா? சந்தோஷமா விளையாடுறியா?"

இங்கேதான் ஒரு சின்னத் தயக்கம். "ஏதோ ஓடுது." "டைம்பாஸ்தான்." "இந்த சீசன் முடியட்டும், விட்டுடலாம்னு இருக்கேன்." "பசங்க கூப்பிடுறாங்க, அதான்." தினமும் நாமாகவே தேடிப் போற ஒரு விஷயத்தைப் பற்றிக் கேட்டா, பிடிக்காத வேலையைப் பற்றிச் சலிச்சுக்கிற மாதிரி பதில் வருது. ஏன்?

கேம் விளையாடாதீங்கன்னு சொல்றதுக்காக இதை எழுதலை. அதைச் சொல்ல ஒவ்வொரு வீட்டிலயும் போதுமான ஆள் இருக்காங்க. நான் கேட்க வர்றது வேற கேள்வி. பிடிக்காமல் விளையாடுறது சரியா?

தமிழில் 'பிடிக்கிறது'ன்னு ஒரு சொல் இருக்கு. அதை வெச்சு ரெண்டு வாக்கியம் சொல்லிப் பாருங்க. "எனக்கு இந்த கேம் பிடிச்சிருக்கு." "என்னை இந்த கேம் பிடிச்சிருக்கு." நடுவில ஒரே ஒரு வேற்றுமை உருபுதான் மாறுது. முதல் வாக்கியத்தில் 'கு', இரண்டாவதில் 'ஐ'. ஆனா அர்த்தம் தலைகீழ். முதல் வாக்கியத்தில் ரசிக்கிறவன் நான். இரண்டாவதில் காய்ச்சல் பிடிச்ச மாதிரி, பேய் பிடிச்ச மாதிரி, மாட்டிக்கிட்டவன் நான்.

வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். அதே பையன், அதே போன், அதே ரெண்டு மணி நேரம். அம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது. கேம் நடத்துற கம்பெனிக்கும் அவங்க திரையில தெரியுற கணக்கில் வித்தியாசம் தெரியாது. உள்ளே இருக்கிற நமக்கு மட்டும்தான் தெரியும். அதனால இதை நேர்மையாகக் கேட்டுக்க வேண்டிய பொறுப்பும் நம்மகிட்டதான் இருக்கு.

"பிடிக்காமலா இவ்வளவு நேரம் விளையாடுவேன்?"னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா வேணும்னு தோணுறதும், கிடைச்சதும் இனிக்கிறதும் மூளைக்குள்ளே ரெண்டு தனி வேலைன்னு அறிவியல் சொல்லுது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்ட் பெரிட்ஜ் என்ற ஆய்வாளர் 1980களின் இறுதியிலிருந்து இதை ஆராய்ந்து வருகிறார். டோபமைன் ஏறக்குறைய இல்லாமல் போன எலிகள் சாப்பாட்டைத் தேடிப் போகவே இல்லை. ஆனா வாயில இனிப்பை வெச்சா, ருசிக்கும்போது எலி காட்டுற அதே முகபாவத்தைக் காட்டின. இனிப்பு இனிச்சது, தேடுற வேகம் மட்டும் இல்லை. டோபமைன் வேலையைத் தூண்டிவிட்டா இதுக்கு நேர்மாறு. எலி ஓடி ஓடித் தேடுது, ஆனா கிடைச்சபோது ருசி ஒரு துளிகூடக் கூடலை.

அதனால் 'அடிக்கடி கை போகுது' என்பது 'பிடிச்சிருக்கு' என்பதற்கு ஆதாரம் ஆகாது. கை போறது வேட்கை. அதுக்குப் பின்னால சந்தோஷம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இப்போ நம்ம போன்ல இருக்கிற கேம்களைப் பாருங்க. தினமும் உள்ளே வந்தா ஒரு பரிசு. ஏழு நாள் விடாமல் வந்தா பெரிய பரிசு. நடுவில ஒருநாள் விட்டா சில கேம்ல கணக்கு மறுபடி ஒண்ணுல இருந்து. காசு கொடுத்து பாஸ் வாங்கியிருந்தா, சீசன் முடியறதுக்குள்ளே மிஷன் எல்லாம் முடிச்சாதான் கொடுத்த காசுக்கு முழுப் பலன். 2012-ல் வந்த கேண்டி கிரஷ் சாகாவில் ஐந்து உயிர். தீர்ந்துட்டா ஒரு உயிர் திரும்ப வர அரை மணி நேரம். இந்த அரை மணி நேரம் நமக்கு ஓய்வு மாதிரி தெரியும். உண்மையில் அது திரும்பி வரச் சொல்லி வெச்ச அலாரம்.

லக்கி ஸ்பின், பெட்டி திறக்கிறது எல்லாம் இன்னொரு வகை. எப்போ என்ன கிடைக்கும்னு தெரியாமல் வெச்சா, திரும்பத் திரும்ப முயற்சி பண்ணத் தோணும். பி.எஃப். ஸ்கின்னர் போன்ற உளவியலாளர்கள் கேம் எல்லாம் வர்றதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே புறாவையும் எலியையும் வெச்சுக் காட்டிய விஷயம் இது. 2018-ல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம், காசு கொடுத்துத் திறக்கிற இப்படிப்பட்ட சில பெட்டிகள் அந்த நாட்டுச் சூதாட்டச் சட்டத்துக்கு எதிரானவைன்னு சொன்னது.

கேம் செய்றவங்க எல்லாரும் கெட்டவங்கன்னு சொல்ல வரலை. இலவசமாகக் கொடுக்கிற கேமுக்கும் சர்வர் செலவு, சம்பளம் எல்லாம் உண்டு. ஆனா இந்த ஏற்பாடுகளில் எதுவும் ஆட்டத்தை இன்னும் சுவையாக்குறதுக்காக வந்தது இல்லை. நாம திரும்பி வர்றதுக்காக வந்தது. இந்த வித்தியாசத்தை ஒரு படைப்பாளியே உணர்ந்த கதை உண்டு. வியட்நாமைச் சேர்ந்த டாங் குயென் செய்த ஃப்ளாப்பி பேர்ட். 2014 தொடக்கத்தில் உலகமே அதைத்தான் விளையாடிச்சு. விளம்பரத்தில் மட்டும் ஒரு நாளைக்கு சுமார் 50,000 டாலர் வருதுன்னு அப்போ செய்தி வந்தது. அந்த வருஷம் பிப்ரவரியில் அவரே அதைக் கடையில் இருந்து எடுத்துட்டார். சில நிமிஷம் இளைப்பாற விளையாடணும்னு செய்தது, விட முடியாத பழக்கமா மாறிடுச்சு என்பதுதான் பிறகு அவர் சொன்ன காரணம். அவர் பண்ணது சரியா தப்பான்னு இன்னைக்கும் வாதாடலாம். ஆனா 'எல்லாரும் விளையாடுறாங்க' என்பதை 'எல்லாருக்கும் நல்லா இருக்கு'ன்னு அவர் எடுத்துக்கலை.

இனி, எதிர்க் கேள்விகளுக்கு வருவோம்.

முதல் கேள்வி: "கடுப்பானாக்கூட அதுவும் ஒரு சுகம்தானே?" ஆமா, உண்மைதான். 2022-ல் வந்த எல்டன் ரிங் விளையாடினவங்களைக் கேளுங்க. மார்கிட் என்ற முதல் பெரிய எதிரிகிட்டயே இருபது தடவை, முப்பது தடவை செத்துட்டு, கன்ட்ரோலரைத் தூக்கி எறியலாம்னு தோணி, கடைசியில் ஜெயிச்சதும் தனியா உட்கார்ந்து கத்தியிருப்பாங்க. அந்த முப்பது தோல்வியும் அந்தச் சந்தோஷத்தோட பாகம். விளையாட்டுன்னாலே, தேவையே இல்லாத ஒரு தடையை நாமாக விரும்பி ஏத்துக்கிட்டு அதைத் தாண்டப் பார்க்கிறதுதான் என்பது பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவ ஆசிரியரின் விளக்கம். இதுல 'நாமாக விரும்பி' என்பதுதான் முக்கியம். மார்கிட்டோட மோதுறவன் தடையை விரும்பி ஏத்துக்கிட்டவன். பிடிக்காத மேப்பில் பத்து மேட்ச் ஆடி மிஷன் முடிக்கிறவன், நாளைக்குப் பரிசு போயிடுமேன்னு பயந்து ஆடுறவன். ரெண்டு பேருக்கும் கஷ்டம் ஒண்ணுதான். ஒருத்தன்கிட்ட ஆசை இருக்கு, இன்னொருத்தன்கிட்ட பயம் இருக்கு.

இரண்டாவது கேள்வி: "கேமுக்காக இல்லை, ஃப்ரெண்ட்ஸுக்காக வர்றேன்." இது அழகான காரணம். ஒருத்தன் சென்னையில, ஒருத்தன் கோயம்புத்தூர்ல, இன்னொருத்தன் துபாய்ல இருக்கும்போது, ராத்திரி பத்து மணிக்கு நாலு பேரும் மைக் ஆன் பண்ணிச் சிரிக்கிறது சின்ன விஷயம் இல்லை. ஆனா ஒண்ணு கவனிங்க. உங்க ஸ்குவாட்ல இருக்கிற நாலு பேருமே மத்த மூணு பேருக்காகத்தான் வர்றாங்கன்னா என்ன ஆகும்? யாருக்கும் பிடிக்காத ஒரு கேமை, அடுத்தவன் மனசு நோகக் கூடாதுன்னு நாலு பேரும் மாசக்கணக்கா ஆடிட்டிருப்பாங்க. "டேய், இந்த கேம் போரடிக்குது, ஆனா உங்களோட பேசணும்"னு யாராவது ஒருத்தர் வாயைத் திறந்தாப் போதும். அடுத்த நாள் வேற கேம் போடலாம், இல்லை சும்மா கால் பண்ணிப் பேசலாம். உண்மையைச் சொன்னா நட்பு போயிடாது.

மூணாவது கேள்விதான் கனமானது: "எல்லாத்தையும் பிடிச்சா செய்றோம்? படிப்பு, வேலை, பல் துலக்குறது, எதுதான் பிடிச்சுச் செய்றோம்? கேமுக்கு மட்டும் ஏன் இந்த நிபந்தனை?"

ஏன்னா மத்ததுக்கெல்லாம் வேற காரணம் இருக்கு. பல் துலக்குறது பிடிக்கலைன்னாலும் பல் நல்லா இருக்கும். வேலை பிடிக்கலைன்னாலும் வீட்டுக்கு அரிசி வரும். சந்தோஷம் இல்லாட்டியும் அந்த வேலைகளுக்கு ஒரு நியாயம் மிச்சம் இருக்கு. கேமுக்கு இருக்கிற ஒரே நியாயம் சந்தோஷம்தான். அதை எடுத்துட்டா உள்ளே ஒண்ணும் இல்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உவகை பிறக்கிற நான்கு இடங்களைச் சொல்லும்போது அதில் ஒன்றாக விளையாட்டையும் வைக்கிறது. துன்பம் நீங்கிய உவகை என்பதும் அங்கேயே இருக்கு. நம்ம முன்னோர் விளையாட்டை வீண் வேலைன்னு ஒதுக்கலை. மகிழ்ச்சியோட ஊற்றுகளில் ஒண்ணா வெச்சாங்க. ஊற்றில் தண்ணி வரலைன்னா அங்கே எதுக்கு வாளியோட நிக்கணும்?

இதுக்கு விதிவிலக்கு உண்டு. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கமே கொடுத்தாங்க. அந்த அளவில் ஆடுறவங்களுக்கும், ஸ்ட்ரீமிங் பண்ணிச் சம்பாதிக்கிறவங்களுக்கும் அது தொழில். பிடிக்காத நாள்லயும் தொழிலுக்குப் போய்த்தான் ஆகணும். ஆனா சம்பளமும் இல்லை, சந்தோஷமும் இல்லைன்னா அதுக்கு என்ன பேர் வைக்கிறது?

தினமும் ரெண்டு மணி நேரம்னா வருஷத்துக்கு 730 மணி நேரம். ராத்திரி பகல் சேர்த்து முழுசா முப்பது நாள். இதைச் சொன்னதும் "அவ்வளவும் வீண்"னு பெரியவங்க சொல்வாங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ரசிச்சு விளையாடினவனுக்கு அது 730 மணி நேரச் சந்தோஷம், யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆனா கல்லூரி, வேலை, பஸ், வீட்டுப் பொறுப்பு எல்லாம் போக நமக்கே நமக்குன்னு மிஞ்சுறது அந்த ரெண்டு மணி நேரம்தான். அதையும் சந்தோஷமே இல்லாமல் கொடுத்துட்டா, அது நமக்கு நாமே பண்ணிக்கிற அநியாயம். பிடிக்காமல் விளையாடுறது சரியில்லைன்னு நான் சொல்றது இதனாலதான்.

இதை நோய்னு நினைச்சுப் பயப்படவும் வேண்டாம். உலக சுகாதார அமைப்பு தன்னுடைய நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதில்கூட இத்தனை மணி நேரம் ஆடினா நோய்னு கணக்கு இல்லை. கட்டுப்பாடு போகணும், மத்த எல்லாத்தையும் விட கேம் முக்கியமாகணும், கெடுதல் வந்தும் நிறுத்த முடியாமல் போகணும், பொதுவா இது ஒரு வருஷமாவது நீடிக்கணும். அப்படி இருக்கிறவங்களுக்கு மருத்துவ உதவி வேணும். நம்மில் பெரும்பாலானவங்களுக்கு வேணும்கிறது ஒரு நேர்மையான கேள்வி, அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியைக் கேட்க மூணு வழி சொல்றேன்.

ஒண்ணு: ராங்க், ஸ்கின், தினசரிப் பரிசு எல்லாம் இன்னைக்கு ராத்திரியோட அழிஞ்சுடும், ஆட்டம் மட்டும் அப்படியே இருக்கும்னு வெச்சுக்கங்க. நாளைக்கும் விளையாடுவீங்களா?

ரெண்டு: நேத்து ஆடின ஆட்டத்தில் இருந்து ஒரு சம்பவத்தை இன்னைக்குச் சிரிச்சுக்கிட்டே யாருக்காவது சொல்ல முடியுமா? பிடிச்ச விஷயம் ஞாபகத்தில் ஏதாவது விட்டுட்டுப் போகும்.

மூணு: 2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு 118 ஆப்களைத் தடை பண்ணபோது பப்ஜி மொபைலும் போச்சு. அந்த மாதிரி உங்க கேம் நாளைக்குக் காணாமல் போனா, முதல் வாரம் கை தேடும். அது எல்லாருக்கும் வரும். ஒரு மாசம் கழிச்சு எதை நினைச்சு ஏங்குவீங்க? ஆட்டத்தையா, ஆளுங்களையா, இல்லை எதையுமே இல்லையா?

மூணுக்கும் நல்ல பதில் வந்தா, தாராளமா விளையாடுங்க, குற்ற உணர்ச்சியே வேண்டாம். வரலைன்னா, வேற கேம் தேடுங்க. தனி ஆளா எரிக் பரோன் நாலு வருஷத்துக்கும் மேல உட்கார்ந்து செய்த ஸ்டார்டியூ வேலி மாதிரி, தினசரிப் பரிசு இல்லாமல், நீங்க ஒரு மாசம் வராட்டியும் உங்க தோட்டத்தை அப்படியே வெச்சிருக்கிற கேம்களும் இருக்கு. இல்லை, ஆடுபுலி ஆட்டம் போடுங்க. மூணு புலி, பதினஞ்சு ஆடு, தரையில கிழிச்ச கட்டம். யாராவது ஜெயிச்சதும் ஆட்டம் முடிஞ்சிடும். நாளைக்கு வந்தே ஆகணும்னு எந்தக் கல்லும் கூப்பிடாது.

படிச்சிட்டு இதை உங்க ஸ்குவாட் குரூப்ல போடுங்க. கூடவே ஒரே ஒரு வரி சேர்த்துக் கேளுங்க: "டேய், உண்மையைச் சொல்லு, உனக்கு இது பிடிச்சிருக்கா?"